ஜோனும் ஹான்சும் அருளப்பரும் ஒருவரே



இம்மாத உரைக்கு எடுத்துக்கொண்ட விடயம் ஒரேயொரு பெயர். ஆங்கிலேயரின் பெயர் என்று நாங்கள் எல்லோரும் நினைக்கும் "ஜோன்" என்ற பெயர்.

பெயரைப் பற்றிப் பேச ஒரு காரணம் உண்டு. எங்கள் வீடுகளில் குழந்தை பிறந்தால் முதல் வழக்கு பெயரிலேயே தொடங்குகிறது. அம்மம்மாவும் அப்பப்பாவும் ஒரு பக்கம்: "வெள்ளைக்காரப் பேர் எங்களுக்கு என்னத்துக்கு? வடிவான தமிழ்ப் பேராய் வையுங்கோ." பெற்றோர் மற்றப் பக்கம்: "இஞ்சத்தை ஆக்களின்ரை வாயிலும் அந்தப் பேர் நுழைய வேணும். நாளைக்குப் பிள்ளை வேலைக்கு விண்ணப்பம் போட வேணுமல்லோ." இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வெள்ளைக்காரப் பெயர் எது, தமிழ்ப் பெயர் எது என்று கோடு போடப் போனால் அந்தக் கோடு நேராக விழுவதில்லை. அதற்கு ஜோன் என்ற பெயரே நல்ல சாட்சி.

ஆங்கிலேயர் பெற்றெடுத்த பெயர் அல்ல

ஜோன் என்பது எபிரேய மொழிப் பெயர். அதன் பழைய வடிவம் "யோகனான்". "யோ" என்பது இறைவன் பெயரின் சுருக்கம். "கனான்" என்றால் அருள் செய்தார் என்று பொருள். ஆகவே முழுப் பெயரின் கருத்து "இறைவன் அருள் செய்தார்" என்பதாகும். கிரேக்கர் அதை "இயோவன்னேஸ்" என்றார்கள். லத்தீனில் "யொகான்னெஸ்" ஆயிற்று. பிரான்சில் அது தேய்ந்து "ஜெகான்" என்றாகி, பின்னர் "ழான்" ஆனது. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது இந்தப் பிரெஞ்சு வடிவமும் அவர்களோடு கடலைக் கடந்தது. அது அந்த மண்ணில் "ஜோன்" என்று நிலைத்தது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவிலே ஒலிக்காமல் நிற்கும் "எச்" பழைய லத்தீன் வடிவம் விட்டுச்சென்ற தடயம்.

மத்திய காலத்தில் இங்கிலாந்தின் மிகப் பரவலான ஆண் பெயர்களுள் ஒன்றாக ஜோன் இருந்தது. ஒரு தெருவில் ஐந்து ஜோன் இருந்தால் எப்படிக் கூப்பிடுவது? செல்லப் பெயர்கள் பிறந்தன. அப்படி வந்ததுதான் "ஜாக்". ஸ்கொட்லாந்தில் இயன், அயர்லாந்தில் ஷோன், வேல்சில் எவான், ரஷ்யாவில் இவான், ஸ்பெயினில் ஹுவான், போர்த்துக்கலில் ஜுவாவ், ஒல்லாந்தில் யான், அரபு மொழியில் யஹ்யா, எல்லாம் ஒரே பெயர்தான். பெண்களுக்கு யொகான்னா, ஜேன், ஜெனற், இவானா. ஹன்னா, அன்னா என்ற பெயர்களும் அருள் என்ற அதே எபிரேய வேரிலிருந்து முளைத்தவை. எங்கள் ஊரில் அன்னம்மா என்று ஞானஸ்நானம் பெற்ற பாட்டிமார் எத்தனை பேர் இருந்தார்கள்! அவர்களும் ஜோனுக்குத் தூரத்து உறவு.

அந்த வீட்டிலும் பெயர்ச் சண்டை

இந்தப் பெயர் உலகெங்கும் பரவியதற்கு இரண்டு புனிதர்கள் காரணம். ஒருவர் இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்த யோவான். மற்றவர் அவருடைய சீடராகிய யோவான். முதலாமவருக்குப் பெயர் வைத்த கதை லூக்கா எழுதிய நற்செய்தியில் வருகிறது. அது எங்கள் வீட்டுக் கதை போலவே இருக்கும்.

வயது போன காலத்தில் சக்கரியாவுக்கும் எலிசபெத்துக்கும் ஒரு ஆண் குழந்தை பிறக்கிறது. எட்டாம் நாள் சுற்றமும் அயலும் கூடுகின்றன. தகப்பனின் பெயரையே வைக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. தாய் மறுத்து, யோவான் என்கிறாள். உங்கள் பரம்பரையில் அப்படியொரு பெயர் எவருக்கும் இல்லையே என்று உறவினர் வாதாடுகிறார்கள். பேச்சிழந்திருந்த தகப்பனிடம் சைகையால் கேட்கிறார்கள். அவர் ஒரு பலகையை வாங்கி, பிள்ளையின் பெயர் யோவான் என்று எழுதுகிறார். வழக்கு அத்தோடு முடிகிறது. பரம்பரைப் பெயரா புதுப் பெயரா என்ற கேள்வி புலம்பெயர்ந்த தமிழர் கண்டுபிடித்ததல்ல; இரண்டாயிரம் வருடம் பழையது.

சுவிசின் நான்கு மொழியிலும்

நாங்கள் வாழும் இந்த நாட்டுக்கு நான்கு தேசிய மொழிகள். ஜோனுக்கும் இங்கே நான்கு முகங்கள். யேர்மன் பேசும் மாநிலங்களில் யொகான்னெஸ், யொகான், ஹான்ஸ். பிரெஞ்சு பேசும் பகுதியில் ழான். ரிசீனோவில் ஜொவான்னி. கிறவுபுண்டனின் றோமான்ஸ் மொழியில் ஜியான் அல்லது ஜியொன்.

ஹான்ஸ் எப்படி ஜோன் ஆகும் என்று கேட்கலாம். யொகான்னெஸ் என்று சொல்லும்போது அழுத்தம் நடுவில் விழுகிறது. நாளடைவில் முன்னால் நின்ற "யொ" உதிர்ந்து "ஹான்னெஸ்" ஆகி, அது இன்னும் சுருங்கி "ஹான்ஸ்" ஆயிற்று. பேர்ண் ஆட்கள் அதையும் செல்லமாக "ஹவுசி" என்பார்கள். எங்கள் பிள்ளைகள் பாடசாலையில் கேட்கும் ஹென்சல், கிறேற்றல் கதையில் வரும் ஹென்சலும் சின்ன ஹான்ஸ்தான். இந்த நாட்டு யேர்மனில் "ஹான்ஸ் வாஸ் ஹைரி" என்றொரு பேச்சு உண்டு. ஹான்ஸ் என்றாலென்ன ஹைரி என்றாலென்ன, இரண்டும் ஒன்றுதான் என்பது கருத்து. மூலைக்கு மூலை ஹான்ஸ் இருந்ததாலேயே அந்தப் பேச்சும் வந்தது.

இந்த நாட்டின் பெரிய மனிதர்களைப் பாருங்கள். 1712இல் ஜெனீவாவில் பிறந்த ரூசோவின் முதற்பெயர் ழான் ழாக். 1746இல் சூரிச்சில் பிறந்த கல்வியாளர் பெஸ்ரலோற்சியின் பெயர் யொகான் ஹைன்றிச். ஹைடி கதையை எழுதிய ஸ்பீரி அம்மையார் ஒரு யொகான்னா. செஞ்சிலுவைச் சங்கம் உருவாகக் காரணமாகி, 1901இல் முதலாவது சமாதான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹென்றி டியூனானின் முழுப்பெயர் ழான் ஹென்றி. நாங்கள் மாதாமாதம் பணம் கட்டும் ஏ.எச்.வி. முதியோர் காப்புறுதியை 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் விரிவாக்கிய அமைச்சர் ஹான்ஸ் பீற்றர் சூடி. இவர்கள் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சுமந்தார்கள்.

பழக்கடையிலும் இந்தப் பெயர் கிடக்கிறது. சிவப்பாகக் கொத்துக் கொத்தாய் வரும் "யொகான்னிஸ்பேறன்" என்ற பழம், ஜூன் 24ஆம் திகதி யோவான் திருநாள் வரும் காலத்தில் பழுப்பதால் அந்தப் பெயர் பெற்றது.

ஒரு எழுத்து செய்யும் வேலை

இங்கே ஒரு முக்கியமான விடயம். ஆங்கிலத்தில் ஜோன், யேர்மனில் யொகான், பிரெஞ்சில் ழான், ஸ்பானிய மொழியில் ஹுவான். நான்கிலும் முதல் எழுத்து "ஜே" என்ற ஒரே எழுத்துத்தான். ஒலிதான் வேறு. பழைய லத்தீனில் "ஜே" என்று தனி எழுத்தே கிடையாது. "ஐ" என்ற எழுத்தே உயிராகவும் "ய்" என்ற மெய்யாகவும் வேலை செய்தது. 16ஆம் நூற்றாண்டிலேதான் இரண்டையும் வேறு எழுத்துகளாகப் பிரிக்கும் வழக்கம் வந்தது. யேர்மன் மொழி "ய்" என்ற பழைய ஒலியை வைத்துக்கொண்டது. பிரெஞ்சும் ஆங்கிலமும் தங்கள் வழியில் மாற்றிக்கொண்டன.

இது எங்கள் பிள்ளைகளை நேராகத் தொடும் விடயம். ஆங்கில முறைப்படி "ஜே" போட்டு எழுதிய ஜனனி, சூரிச் வகுப்பறையில் "யனனி" ஆகிறாள். ஜெயன் "யெயன்" ஆகிறான். அதே பிள்ளை லொசானுக்குப் போனால் "ழனனி". ஆசிரியை வேண்டுமென்று பிழையாகச் சொல்லவில்லை. தன் மொழியில் அந்த எழுத்துக்குள்ள ஒலியையே தருகிறார். பிள்ளைக்கு இதைச் சிறுவயதிலேயே விளக்கிச் சொன்னால் அது தன் பெயரைக் குறித்துக் கூச்சப்படாது. "எங்கடை மொழியிலை இதை ஜ என்று சொல்லுறது" என்று எழுந்து நின்று சொல்லப் பழகும். ஜோன் என்ற பெயர் நாட்டுக்கு நாடு ஒலி மாறியும் அழியாமல் நின்றதல்லவா? ஜனனியும் நிற்பாள்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த வழி

ஜோன் எங்கள் ஊருக்கு மூன்று கப்பல்களில் வந்தான் என்று சொல்லலாம். 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர் ஜுவாவ் என்றார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் யான் என்றார்கள். பின்னர் வந்த ஆங்கிலேயர் ஜோன் என்றார்கள். தமிழ் எழுத்திலும் இரண்டு வழக்கு உண்டு: தமிழ்நாட்டில் "ஜான்", ஈழத்தில் "ஜோன்". 1823இல் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணத்துக் கல்லூரியைச் சிலர் சென் ஜோன்ஸ் என்பார்கள், சிலர் பரியோவான் கல்லூரி என்பார்கள். அதன் பழைய மாணவர் பலர் இந்த நாட்டிலும் இருக்கிறார்கள். ஒரே புனிதர், ஒரே கல்லூரி, இரண்டு ஒலி.

ஆனால் இவற்றையெல்லாம் விட அழகான காரியம் ஒன்றைப் பழைய கத்தோலிக்கத் தமிழர் செய்தார்கள். அவர்கள் பெயரின் ஒலியை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டார்கள். யோவான் என்றால் அருள். ஆகவே "அருளப்பர்". பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள். ஆகவே "சின்னப்பர்". ஸ்தேவான் என்ற கிரேக்கப் பெயருக்கு முடி என்று கருத்து. ஆகவே "முடியப்பர்". அந்திரேயா என்றால் ஆண்மை, வலிமை. ஆகவே "பெலவேந்திரர்". பெனடிக்ற் என்றால் ஆசி பெற்றவர். ஆகவே "ஆசீர்வாதப்பர்". ஆண்டுதோறும் எங்கள் மக்கள் திரளாகப் போகும் மரியஸ்ரைன் மாதா கோயிலை நடத்தும் துறவிகள் இந்த ஆசீர்வாதப்பரின் சபையைச் சேர்ந்தவர்கள்.

1978 முதல் 2005 வரை பாப்பரசராக இருந்த இரண்டாம் ஜோன் போலைத் தமிழ்க் கத்தோலிக்கர் "இரண்டாம் அருள் சின்னப்பர்" என்று அழைத்ததையும் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அவர் 1995இல் கொழும்புக்கும் 2004இல் பேர்ண் நகருக்கும் வந்தார். கொழும்பிலும் பேர்ணிலும் கூட்டத்தில் நின்ற தமிழர் அவரைத் தங்கள் மொழியில் அருள் என்றே கூப்பிட்டிருக்க முடியும்.

வெளிநாட்டிலிருந்து வந்த துறவிகளும் தமிழ்ப் பெயரோடு வாழ்ந்தார்கள். லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜோன் டி பிறிற்றோ, தமிழ் மண்ணில் "அருளானந்தர்" ஆனார். 1693இல் இராமநாதபுரத்து ஓரியூரில் வேதசாட்சியாக இறந்தார். 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. இத்தாலியில் பிறந்த கொன்ஸ்ரன்சோ பெஸ்கி, தன் பெயரில் இருந்த உறுதி என்ற பொருளைக் கொண்டு முதலில் "தைரியநாதர்" ஆனார். பின்னர் நாங்கள் எல்லோரும் அறிந்த வீரமாமுனிவர் ஆனார். இங்கே பெயரை மாற்றிக்கொண்டவர்கள் வந்தவர்கள். வந்த இடத்து மக்களின் வாய்க்கு இசைய மாற்றினார்கள், ஆனால் பொருளை விடவில்லை.

அருள் என்ற சொல்லுக்குச் சமயக் கோடும் கிடையாது. சைவ சித்தாந்தம் திருவருள் என்று பேசும். அருளம்பலம், அருளானந்தம், அருள்மொழி, திருவருள்நாதன் என்று சைவக் குடும்பங்களில் எத்தனையோ பெயர்கள். அருளானந்தம் என்ற பெயரைக் கேட்டவுடன் ஆள் சைவமா வேதமா என்று எங்கள் ஊரில் சொல்ல முடியாது. ஒரு சிறு எச்சரிக்கை: அருணன், அருணாசலம் என்பவை ஒலியில் கிட்ட வந்தாலும் வேறு சொற்கள். அவை செம்மை நிறத்தைக் குறிக்கும் அருணம் என்ற வடசொல்லிலிருந்து வந்தவை.

பெயர் கொடுத்து வாங்கிய காலம்

பெயர் மாறிய கதைகள் எல்லாம் இனிப்பானவை அல்ல. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன், 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது. அங்கே விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளின் செலவை அமெரிக்காவில் இருந்த கொடையாளிகள் ஏற்றார்கள். அவர்கள் விரும்பிய பெயர்கள் பிள்ளைகளுக்கு இடப்பட்டன. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தான் ஒருநாளும் காணாத ஒருவரின் பெயரைச் சுமந்தது. சோறும் படிப்பும் கிடைத்த இடத்தில் பெயரைக் கொடுக்க வேண்டி இருந்தது.

ஆனாலும் அந்த மாணவர்களை இன்று எப்படி நினைவுகூர்கிறோம்? ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. கறோல் விசுவநாதபிள்ளை. ஒரு பெயர் மற்றதை விழுங்கவில்லை. 1886இல் "பாவலர் சரித்திர தீபகம்" என்ற நூலைத் தந்து தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தவர் இந்த ஆர்னோல்ட்தான். ஆர்னோல்ட் என்பது யேர்மானியப் பெயர், கழுகின் வலிமை என்ற கருத்துடையது. 1386இல் செம்பாக் போரில் எதிரியின் ஈட்டிகளைத் தன் மார்பில் வாங்கியதாக இந்த நாட்டவர் கதை சொல்லும் வின்கெல்றீட்டும் ஓர் ஆர்னோல்ட். இப்படி அந்நியப் பெயரோடு தமிழுக்குத் தொண்டு செய்தவர்களும் உண்டு. சுத்தத் தமிழ்ப் பெயரோடு தமிழை மறந்தவர்களும் உண்டு. பிள்ளைக்கு இடும் பெயர் மட்டும் மொழியைக் காப்பாற்றிவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

அப்பப்பாவின் பெயர் குடும்பப் பெயராகும்போது

ஜோனிடமிருந்து நாங்கள் அறிய வேண்டிய இன்னொரு பாடம் உண்டு. ஆங்கிலத்தில் ஜோன்சன் என்றால் ஜோனின் மகன். வேல்சில் ஜோன்ஸ், எவான்ஸ். டென்மார்க்கில் ஹான்சன். ரஷ்யாவில் இவானோவ். சுவிசில் ஹென்னி, ழன்னெறே. எல்லாம் ஒரு காலத்தில் "இன்னாரின் பிள்ளை" என்று சொல்லப் பயன்பட்டவை. மத்திய காலத்தின் பிற்பகுதி தொடக்கம் அவை உறைந்து குடும்பப் பெயர்களாயின. 1997இல் வெளிவந்து பல வருடம் எங்கள் கைகளில் புழங்கிய பழைய பத்துப் பிராங் தாளில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் படம் இருந்தது. அவருடைய உண்மைப் பெயர் ழன்னெறே. எந்தக் காலத்திலோ வாழ்ந்த ஒரு ழான் பாட்டனின் பெயர் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இன்று அதே காரியம் எங்கள் குடும்பங்களில் எங்கள் கண் முன்னே நடக்கிறது. ஊரில் எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும், அடுத்த தலைமுறையில் மாறும். இங்கே படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. உதாரணத்துக்கு, அருளப்புவின் மகன் யோகராசா 1980களில் இங்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டத்தில் அருளப்பு என்று எழுதினார்கள். அவர் மகனும் அருளப்பு, பேத்தியும் அருளப்பு. வேலணையில் கடலுக்குப் போன ஒரு மனிதரின் பெயர் இனி பேர்ண் மாநிலத்தில் தலைமுறை தலைமுறையாக ஓடும். வேறு சில குடும்பங்களில் கட்டம் மாறி, சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. எப்படி வந்திருந்தாலும் அந்தப் பெயர் யாருடையது, அவர் எந்த ஊர், என்ன தொழில் செய்தார் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். எழுதியும் வையுங்கள். சொல்லாவிட்டால் இரண்டு தலைமுறையில் அது வெறும் எழுத்தாகிவிடும்.

பெயரிட முன்னர்

கடைசியாக, குழந்தையை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்.

இந்த நாட்டில் பிறப்பை மூன்று நாட்களுக்குள் பதிவகத்துக்கு அறிவிக்க வேண்டும். வைத்தியசாலையில் பிறந்தால் வைத்தியசாலையே அறிவிக்கும். ஆகவே பெயரையும் அதன் எழுத்துக்கூட்டலையும் முன்கூட்டியே தீர்மானித்துத் தெளிவாக எழுதிக் கொண்டுபோங்கள். ஒரு எழுத்துப் பிழைத்தாலும் பின்னர் கடவுச்சீட்டு வரை அது துரத்தும்.

பிள்ளையின் நலனை வெளிப்படையாகப் பாதிக்கும் பெயரைப் பதிவகம் மறுக்கலாம். தமிழ்ப் பெயர், நீளமான பெயர் என்ற காரணம் மட்டும் அதில் அடங்காது. பிறகு பெயரை மாற்றவும் சட்டத்தில் இடமுண்டு; ஆனால் மதிக்கத்தக்க காரணம் காட்டி மாநிலத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் உண்டு.

2013 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம், திருமணத்தின் பின் கணவனும் மனைவியும் தத்தம் பெயரை வைத்திருப்பதே பொது விதி. விரும்பினால் ஒரு பொதுப் பெயரை எடுக்கலாம். பெயர்கள் வேறாக இருந்தால் பிள்ளைகளுக்கு எந்தப் பெயர் என்று திருமணத்தின்போதே கேட்பார்கள். மனைவியின் தகப்பன் பெயரும் பிள்ளைக்குப் போகலாம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தெரிந்த பெயரை யேர்மனிலும் பிரெஞ்சிலும் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒலி மாறினால் அது உங்களுக்குச் சம்மதமா என்று பாருங்கள். ஐரோப்பியப் பெயர் விருப்பம் என்றால் அதன் பொருளைத் தேடுங்கள். 2022இல் சுவிசில் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு அதிகமாக இட்ட பெயர் நோவா. அதுவும் எபிரேயப் பெயர்தான். சுவிஸ்காரரும் வேறெங்கிருந்தோ வாங்கிய பெயரைத்தான் தங்கள் பெயர் என்கிறார்கள்.

அம்மம்மாவும் பெற்றோரும் உடன்படாத வீட்டில் அருளப்பர் காட்டிய வழி உதவும். ஒலியில் உடன்பாடு வராவிட்டால் பொருளில் உடன்படலாம். யொகான்னா என்று பதியும் பேத்தியை அம்மம்மா அருள் என்று கூப்பிட்டால் அவர் வேறு பெயர் சொல்லவில்லை. அதே பெயரைத் தமிழில் சொல்கிறார்.

மீண்டும் அடுத்த மாத உரையில் சந்திப்போம்.